மெரேட்டாவின் இரண்டாவது கேக்

மெரேட்டா தன் ஆயுசில் இரண்டே இரண்டு கேக்தான் சுட்டிருக்கிறாள். அடுப்பங்கரைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத பெண். அப்பா டென்மார்க்கில், யூட்லாந்தின் வடமேற்கு மூலையில், துறைமுகத்தில் மீன் ஏலம் கூவுகிறவர். வீட்டில் எல்லோருக்கும் தொண்டை பெரிசு, இவளுக்கு மட்டும் காது கூர்மை. பக்கத்து வீட்டுக் கடிகாரம் நின்றுபோனால் இவளுக்குத்தான் முதலில் தெரியும் என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். அந்தக் காதை வைத்துக்கொண்டு கோபன்ஹேகனுக்குப் படிக்க வந்து, முனைவர் பட்டமும் வாங்கி, பேராசிரியர் தோர்கிலின் ஆராய்ச்சிக் குழுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். அங்கே அவளுக்குக் கிடைத்தது, உலகத்திலேயே மெல்லிய சத்தத்தைக் கேட்கிற வேலை.

காதால் கேட்கிற சத்தமில்லை, வெளிச்சத்தால் கேட்கிற சத்தம். அரிசி மணி அகலத்துக்கு ஒரு சின்னத் தோல், சோப்புக் குமிழியை விட மெல்லியது. அதைப் பறை கட்டுவது போல ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டி, காற்றே இல்லாத குளிர்பெட்டிக்குள் வைப்பார்கள். அதன் மேல் லேசர் வெளிச்சத்தை விட்டு, திரும்பி வருகிற வெளிச்சத்தை வைத்து அது எப்படி நடுங்குகிறது என்று பார்ப்பார்கள். அந்தக் குழுவில் ஒவ்வொரு தோலுக்கும் ஒரு பெயர் உண்டு. இந்தத் தோலுக்கு ‘அத்தை’ என்று பெயர் வைத்தவன் எஸ்பென்.

“ஒரு தட்டு தட்டினா போதும், கால் மணி நேரம் விடாம பொலம்புது. அப்படியே எங்கப்பாவோட அக்காதான்,” என்றான்.

எஸ்பென் யாரென்று சொல்லிவிட வேண்டும். மெரேட்டாவோடு ஒரே வருஷம் அந்தக் குழுவில் சேர்ந்தவன். ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வேலை பார்த்தவன். அவன் மகளுக்கு ஞானஸ்நானம் செய்தபோது குழந்தையைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய் மெரேட்டாதான். மெரேட்டாவின் கல்யாணம் முறிந்தபோது, வீடு கிடைக்கும்வரை அவனுடைய சோபாவில்தான் படுத்திருந்தாள். இப்படியொரு சிநேகிதன்தான் அவள் கழுத்தை அறுத்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

வேலை என்னவென்றால், அந்தத் தோலை அசையாமல் நிறுத்துவது. சூடு இருக்கிறவரை எந்தப் பொருளும் நடுங்கும். அந்த நடுக்கத்தை வெளிச்சத்தாலேயே தடவித் தடவி அடக்கிக்கொண்டே போனால், கடைசியில் யாராலும் எடுக்க முடியாத ஒரு நடுக்கம் மிஞ்சும். அது சூட்டால் வருவதில்லை. குவாண்டம் என்று சொல்கிறார்களே, அதுதான் அது. உலகம் தன் பங்காக வைத்துக்கொண்ட நடுக்கம். கண்ணுக்குத் தெரியாத அணுவில் அதைப் பார்த்தவர்கள் உண்டு. சட்டம் போட்டு மாட்டி, பெயர் வைத்து, பூதக்கண்ணாடியில் காட்டக்கூடிய ஒரு பொருளில் அதைப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் தோர்கிலின் குழு கிடையாய்க் கிடந்தது.

அதற்கு இரண்டு வெளிச்சம் வேண்டும். ஒன்று பிடிக்கிற வெளிச்சம். அது தோலைக் கவனித்து, தோல் மேலே போனால் கீழே அமுக்கி, கீழே போனால் மேலே ஏந்தி, நிறுத்திப் பிடிக்கும். அது எஸ்பெனுடையது. இன்னொன்று சாட்சி வெளிச்சம். அது எதையும் தொடாது, அமுக்காது, தள்ளி நின்று பார்க்க மட்டும் செய்யும். அது மெரேட்டாவுடையது.

இரண்டாவது எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். தோர்கில் முழங்கை கிழிந்த ஸ்வெட்டரைச் சுருட்டிவிட்டுக்கொண்டு எல்லோரிடமும் ஒரே பதிலைத்தான் சொல்வார். “பரீட்சை எழுதினவன் கையிலேயே பேப்பரைக் குடுத்துத் திருத்தச் சொன்னா என்ன மார்க் போடுவான்? பிடிக்கிற வெளிச்சம் எப்பவும் ‘தோல் அசையல, அசையல’ன்னுதான் சொல்லும். அது அமுக்குறதே தன் காதுல விழுந்த இரைச்சலை வச்சுத்தான். தன் இரைச்சலையும் சேர்த்து அமுக்கிட்டு, அடடா எவ்வளவு அமைதின்னு தன்னைத்தானே மெச்சிக்கும். வெளியில நிக்கிறவன் சொன்னாத்தான் பேச்சு.”

அதனால் மேஜையின் நடுவே ஒரு மஞ்சள் நாடா ஒட்டியிருந்தது. இந்தப் பக்கம் மெரேட்டாவின் கருவிகள், அந்தப் பக்கம் எஸ்பெனின் கருவிகள். நாடாவைத் தாண்டி யாரும் கைநீட்டக் கூடாது. ஸ்க்ரூடிரைவர் வேண்டுமென்றால்கூட கேட்டுத்தான் வாங்க வேண்டும். கணவன் மனைவி படுக்கையில் கோடு போட்டுக்கொண்ட மாதிரி இருக்கிறதே என்று குளிர்பெட்டியைப் பார்த்துக்கொள்கிற யுர்சா கேலி செய்வாள். செய்யட்டும் என்று இருவரும் சிரித்துக்கொள்வார்கள்.

அந்த வருஷம் வசந்தத்தில், தோர்கில் இன்னும் சில வருஷங்களில் ஓய்வு பெறப்போகிறார், குழுவில் ஒரு நிரந்தர வேலை வருகிறது என்று பேச்சு வந்தது. நிரந்தர வேலை என்றால் அந்த உலகத்தில் சாமானியமில்லை. ஒன்று முடிந்து இன்னொன்று என்று குறுகிய கால வேலைகளிலேயே தலை நரைத்தவர்கள் ஏராளம். வேலை மெரேட்டாவுக்கோ எஸ்பெனுக்கோ என்று எல்லோருக்கும் தெரியும். “யாருக்குக் கெடைச்சாலும் மத்தவங்க பீர் வாங்கித் தரணும்,” என்று இரண்டு பேரும் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

அந்த வசந்தத்தில்தான் அத்தை அடங்கினாள். மெரேட்டா மதியம் சாப்பிடப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது எஸ்பென் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

“உன் பக்கம் பாரு,” என்றான்.

பார்த்தாள். சாட்சி வெளிச்சம் சொன்ன எண் யாராலும் எடுக்க முடியாத அந்த நடுக்கத்தை ஒட்டி நின்றது. மெரேட்டா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் அவளைக் கட்டிக்கொண்டான். தோர்கில் ஓடிவந்தார். யுர்சா எங்கிருந்தோ பிறந்தநாளுக்கு வைக்கிற சின்னக் கொடிகளை எடுத்துவந்து மேஜை பூராவும் நட்டாள். கட்டுரை வெளிவந்தது, செய்தித்தாளில் இரண்டு பேர் படமும் போட்டார்கள். மெரேட்டாவின் அப்பா துறைமுகத்தில் எல்லோருக்கும் அந்தப் பக்கத்தைக் காட்டினாராம். என்னவோ தோல் பறையாம், என் மகள் அதை வாயை மூட வைத்துவிட்டாளாம் என்று.

அடுத்த குளிர்காலத்தில் வேறொரு நாட்டுக் குழுவிலிருந்து கடுதாசி வந்தது. மரியாதையான கடுதாசிதான். நீங்கள் பயன்படுத்திய வெளிச்சத்துக்கு இத்தனை அமைதி வரவே முடியாது, உங்கள் சாட்சி குறைத்துச் சொல்கிறது, நாங்கள் செய்து பார்த்தால் இரண்டு பங்குக்கு மேல் வருகிறது என்று எழுதியிருந்தார்கள். தோர்கில் மறுபடியும் அளக்கச் சொன்னார். அளந்தார்கள். அத்தை பழையபடி புலம்பினாள். எண் இரண்டு பங்குக்கு மேல்தான் வந்தது.

அப்போது எல்லோர் கண்ணும் நாடாவின் ஒரே பக்கம் திரும்பியது. சாட்சி யாருடையது? மெரேட்டாவுடையது. சாட்சியின் அளவுகோலைச் சரிசெய்வதற்கு, எவ்வளவு பலம் என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு சின்னத் தட்டு வெளிச்சத்தில் தட்டுவார்கள். அதை வைத்துத்தான் மற்றதை அளப்பது. அந்தத் தட்டின் அளவை வைத்தது யார்? மெரேட்டா.

“தட்டோட அளவை நீ தப்பா வச்சிருப்பே. வேற எப்படி வரும்?” என்றார் தோர்கில். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் அவளை இன்னும் வதைத்தது.

மெரேட்டா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். ஒவ்வொரு கண்ணாடியையும், ஒவ்வொரு திருகையும் கழற்றிப் பார்த்தாள். தட்டு கொடுக்கிற கருவியை மூன்று தடவை பிரித்து மாட்டினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காதது இன்னும் பயமாக இருந்தது. தன் கைதான், ஆனால் எங்கே என்று தெரியவில்லை. தூங்காமல் கண் உள்ளே போய்விட்டது.

“விட்டுரு மெரேட்டா,” என்றான் எஸ்பென், அவள் தோளில் கைவைத்து. “யாருக்கும் வர்றதுதான். ஒரு சொதப்பல் கேக் கொண்டு வா, அதோட முடிஞ்சுது. எத்தனை கேக் நான் கொண்டு வந்திருக்கேன்?”

இந்தச் சொதப்பல் கேக் அந்த ஊரில் எல்லா வேலையிடத்திலும் இருக்கிற வழக்கம். யாராவது எதையாவது சொதப்பினால், வெள்ளிக்கிழமைக் காலை எல்லோரும் ரொட்டியும் காப்பியுமாக உட்காருகிறபோது ஒரு கேக் கொண்டுவர வேண்டும். சொதப்பினவர்தான் கத்தியை எடுத்து வெட்ட வேண்டும். வெட்டும்போது என்ன சொதப்பினேன் என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் எல்லோரும் சிரிப்பார்கள், தின்பார்கள், அதற்கப்புறம் அந்தத் தப்பைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விட மாட்டார்கள். பம்பைத் திறந்துவிட்டுப் போனதற்கு, தோலை உடைத்ததற்கு, தோர்கிலே ஒரு தடவை மாநாட்டு நாளைத் தப்பாகக் குறித்ததற்கு. தின்று முடித்தால் தீர்ந்தது என்பதில் அங்கே எல்லோருக்கும் நம்பிக்கை. அதனால்தான் அந்தக் குழுவில் யாரும் தப்பை மறைப்பதில்லை என்று தோர்கில் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்.

மெரேட்டா அம்மாவுக்குப் போன் பண்ணினாள். மேலே தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் காய்ச்சி ஊற்றுகிற கேக், ‘கனவு கேக்’ என்று அவர்கள் ஊர்ப்பக்கம் சொல்வது, அதை எப்படிச் சுடுவது என்று கேட்டாள். அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, அம்மா கொடுத்தனுப்பிய பழைய தகரத்தட்டில் முதல் கேக்கைச் சுட்டாள். ஒரு ஓரம் கருகிவிட்டது.

வெள்ளிக்கிழமை அதை மேஜையில் வைத்துக் கத்தியை எடுத்தாள். “தட்டோட அளவைத் தப்பா வச்சேன். அதனால கட்டுரையைத் திரும்ப எடுத்துக்க வேண்டியதாப் போச்சு. உங்க எல்லார் பேரும் கெட்டுப்போச்சு,” என்று சொன்னாள். குரல் உடைந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை, யுர்சா எழுந்து வந்து அவள் முதுகைத் தடவினாள். பிறகு எல்லோரும் தின்றார்கள். எஸ்பென் தின்றான். தோர்கில் ஒரு துண்டு தின்றுவிட்டு இன்னொரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார்.

“உங்க அம்மா செய்முறையா?” என்றும் கேட்டார்.

அடுத்து வந்த வசந்தத்தில் நிரந்தர வேலை எஸ்பெனுக்குப் போயிற்று. யாரும் ஆச்சரியப்படவில்லை. அளவைத் தப்பாக வைத்தவளுக்கா கொடுப்பார்கள்? மெரேட்டா சொன்னபடி அவனுக்குப் பீர் வாங்கிக் கொடுத்தாள். அவளுடைய ஒப்பந்தம் கோடையோடு முடிவதாக இருந்தது. காதுகேட்புக் கருவி செய்கிற ஒரு கம்பெனியில் வேலை கேட்டு வைத்திருந்தாள். சின்னச் சின்னத் தோல்கள், சின்னச் சின்னச் சத்தங்கள், அதுவும் அவளுக்குத் தெரிந்த வேலைதான்.

கிளம்புகிற வாரம் தன் பக்கத்துக் கருவிகளையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். எஸ்பென் ஊரில் இல்லை. கட்டிக்கொண்டிருக்கும்போது அவளுக்கு ஒரு வீம்பு வந்தது. இத்தனை நாள் தப்பு எங்கே என்று தேடினேன். போகிறதுக்கு முன்னால் அந்தத் தப்பை நானே வேண்டுமென்று செய்து பார்த்தால் என்ன? எப்படித்தான் சொதப்பினேன் என்று தெரிந்துகொண்டாவது போகிறேன்.

தட்டின் அளவை வேண்டுமென்றே தப்பாக வைத்து அளந்தாள். எண் குறைந்தது, சரி. ஆனால் எல்லாமே சேர்ந்து குறைந்தது. சாட்சி வெளிச்சத்துக்கு என்று ஒரு சொந்த இரைச்சல் உண்டு, தகரக் கூரையில் விழுகிற மழை மாதிரி, எங்கே பார்த்தாலும் ஒரே மட்டமாக. அளவுகோல் தப்பென்றால் அந்த மழையும் சேர்ந்துதான் இறங்கும். தராசு தப்பென்றால் மீனும் ஐஸும் சேர்ந்தேதான் தப்பாக நிற்கும் என்பது ஏலக்காரன் மகளுக்குத் தெரியாதா?

போன வருஷ வசந்தத்துப் பதிவை எடுத்துப் பார்த்தாள். மழை இருக்க வேண்டிய மட்டத்திலேயே இருந்தது. தட்டும் சரியாக இருந்தது. ஆனால் அத்தையின் சுருதி இருக்கிற இடத்தில், அந்த இடத்தில் மட்டும், மழைச் சத்தத்துக்கும் கீழே ஒரு சின்னப் பள்ளம். கட்டுரைப் படத்தில் அந்தப் பள்ளம் இல்லை. படத்தை வரைந்தவன் எஸ்பென். மழை மட்டத்துக்குக் கீழே இருந்ததை வெட்டிவிட்டிருந்தான். தன் தப்பைத் தேடுகிறவள் தட்டையும் திருகையும்தானே பார்ப்பாள், பள்ளத்தையா பார்ப்பாள்?

அந்தப் பள்ளத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். தினமும் நாடாவுக்கு அந்தப் பக்கம், எஸ்பெனின் திரையில் பார்த்ததுதான். தன் இரைச்சலையே அமுக்கிக்கொண்டு தன்னை மெச்சிக்கொள்கிற பிடிக்கிற வெளிச்சத்தில் வருவது. தள்ளி நிற்கிற சாட்சியில் அது வரவே வராது. வந்தால், சாட்சி தள்ளி நிற்கவில்லை என்று அர்த்தம்.

மெரேட்டா முதல் தடவையாக நாடாவைத் தாண்டிக் கைநீட்டினாள். தன் கருவியிலிருந்து ஒரு கேபிளை எடுத்து, எஸ்பெனின் பெட்டியில் காலியாக இருந்த துளையில் சொருகினாள். அவ்வளவுதான் வேலை. சாட்சியின் காதில் விழுந்ததையும் சேர்த்து அத்தையை அமுக்க அனுப்பியதும், எண் சரசரவென்று இறங்கி, போன வருஷ வசந்தத்து எண்ணில் வந்து நின்றது. மழைக்குக் கீழே அதே பள்ளம் விழுந்தது.

அன்றைக்கு அவன் சொன்னது ஞாபகம் வந்தது. “நீ போய் ஆற அமரச் சாப்பிட்டு வா. நான் பாத்துக்கறேன்.” எதைப் பார்த்துக்கொண்டான் என்று இப்போது தெரிந்தது. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். வேலை போனதற்கு அழவில்லை. மாதக்கணக்கில் தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு, தன்னைத்தானே திட்டிக்கொண்டு கிடந்தாளே, அதை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே தோளில் கைவைத்தானே, அதற்கு அழுதாள்.

எஸ்பென் திரும்பி வந்த அன்றைக்கு சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் அவனை மடக்கினாள்.

“என் கேபிளை உன் பெட்டியில போட்டியா?”

அவன் சைக்கிள் பூட்டோடு மல்லுக்கட்டினான். நிமிரவில்லை.

“போட்டியான்னு கேட்டேன்.”

“ஒரு தடவைதான். நிக்காம ஆடிட்டே இருந்துச்சு. உன்னோடதையும் சேர்த்தா நிக்குதான்னு பாக்கத்தான் போட்டேன். நின்னுச்சு. எடுக்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள நீ வந்துட்டே. நீ வாயைப் பொத்திக்கிட்டு நின்னே. தோர்கில் ஓடி வந்துட்டார். கொடி வேற நட்டுட்டாங்க. ராத்திரி யாரும் இல்லாதப்பத்தான் கேபிளை எடுத்தேன். அப்பறம் எப்படிச் சொல்றது?”

“அப்பறம் ஒரு வருஷம் இருந்துச்சேடா. நான் தூங்காமக் கெடந்தேனே, அப்ப சொல்லியிருக்கலாமே.”

“இப்ப சொன்னா எனக்கு வேலை போயிடும் மெரேட்டா. வீட்டுல பிள்ளை இருக்கு, உனக்குத் தெரியாததா?” பிறகு, சொல்லக் கூடாததைச் சொன்னான். “உனக்கு எப்படியும் போயாச்சு.”

மெரேட்டாவுக்குக் கை ஓங்க வந்தது. அடக்கிக்கொண்டாள். “வெள்ளிக்கிழமை நான் கடைசியா வர்றேன். நீ கேக் கொண்டு வர்றே. கத்தியை எடுத்து எல்லார் முன்னாடியும் சொல்றே. அவ்வளவுதான் நான் கேக்கறது. வேலையை நீயே வச்சுக்க. என் கையில தப்பில்லைன்னு மட்டும் சொல்லிட்டுப் போ.”

“சரி. கொண்டு வர்றேன்,” என்றான். “சத்தியமா.”

அவனை நம்பினாளா என்றால், நம்பத்தான் ஆசைப்பட்டாள். ஆனால் வியாழக்கிழமை சாயங்காலம் தேங்காய்த் துருவல் வாங்கி வந்து, அம்மாவின் தகரத்தட்டில் இரண்டாவது கேக்கைச் சுட்டாள். இந்தத் தடவை ஓரம் கருகவில்லை.

வெள்ளிக்கிழமை எஸ்பென் வந்தான், சூடான ரொட்டிப் பையோடு. பையில் ரொட்டிதான் இருந்தது, வெண்ணெய் இருந்தது, மெரேட்டாவின் வழியனுப்புக்கென்று ஒரு பூங்கொத்தும் இருந்தது. கேக் இல்லை. அவள் அவனைப் பார்த்தாள். அவன் காப்பியை ஊற்றிக்கொண்டான்.

“எவ்வளவு வருஷம் நம்மோட இருந்தா,” என்று தோர்கில் பேசத் தொடங்கினார். “அவளோட காது மாதிரி…”

மெரேட்டா பைக்குள்ளிருந்து தகரத்தட்டை எடுத்து மேஜை நடுவில் வைத்தாள். அவள் கிளம்புவதற்கு வைக்கிற விருந்து என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். அவள் கத்தியை எடுத்தாள். வெட்டவில்லை. கைப்பிடி அவன் பக்கம் இருக்கிற மாதிரி எஸ்பெனின் தட்டுக்கு முன்னால் வைத்தாள்.

கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. அந்த மேஜையில் கத்தியை யார் முன்னால் வைப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

“எஸ்பெனா?” என்றாள் யுர்சா. “நீ என்னடா சொதப்பினே?”

“ஒண்ணுமில்ல,” என்றான் எஸ்பென். காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது. “சும்மா வெளையாடுறா. மெரேட்டா, நீயே வெட்டு. உன்னோட கடைசி நாள்.”

“சொதப்பினவங்கதானே வெட்டணும்.”

அவன் கத்தியை மெல்ல அவள் பக்கம் தள்ளினான். அவள் திருப்பித் தள்ளினாள். அவன் தொடவில்லை. மழை ஜன்னலில் விழுந்துகொண்டிருந்தது. யுர்சா ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் இருந்தாள். மெரேட்டா தோர்கிலைப் பார்த்தாள். சாட்சி என்றால் என்ன என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். தள்ளி நிற்கிறவர். அவர் கேட்பார், என்ன நடந்தது என்று அவர் கேட்டால் போதும், அவன் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நினைத்தாள்.

தோர்கில் ஸ்வெட்டர் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டார். கையை நீட்டிக் கத்தியை எடுத்து, கேக்கின் நடுவில் வைத்து அழுத்தினார்.

“சாட்சிக் கேபிள் பிடிக்கிற பெட்டியில இருந்துச்சு,” என்றார். யார் முகத்தையும் பார்க்காமல் கேக்கைப் பார்த்துச் சொன்னார். “மெரேட்டாவோட அளவு தப்பில்ல. எஸ்பென் என்கிட்ட சொன்னான்.”

“எப்ப சொன்னான்?” என்றாள் மெரேட்டா.

அவர் இரண்டாவது கோடு வெட்டினார். “கடுதாசி வந்த மறுநாள்.”

கடுதாசி வந்த மறுநாள். அதற்குப் பிறகுதான் அவள் கண்ணாடிகளைக் கழற்றினாள். அதற்குப் பிறகுதான் தட்டுக் கருவியைப் பிரித்தாள். அதற்குப் பிறகுதான் அம்மாவுக்குப் போன் பண்ணினாள். ஒருத்தன் கழுத்தறுத்தான் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். தள்ளி நின்றவரும் உள்ளேதான் இருந்திருக்கிறார்.

“தப்புன்னா மன்னிச்சுருவாங்க,” என்றார் தோர்கில். “ஒளிச்சு வச்ச கேபிள்னா விசாரணை வரும். குழுவையே இழுத்து மூடிருப்பாங்க. இத்தனை பேர் பொழைப்பு. யாராவது ஒருத்தர் ஏத்துக்கணும்னு வந்தப்ப…” நிறுத்தினார். “நீ தாங்குவேன்னு நெனச்சேன்.”

எஸ்பென் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். யுர்சா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

மெரேட்டா நிதானமாகத்தான் கேட்டாள். ஏலக்கூடத்தில் அவள் அப்பா கடைசி விலையைக் கேட்கிற அதே நிதானம்.

“அன்னிக்கு நான் இதே கத்தியை வச்சுக்கிட்டு அழுதேன். தெரிஞ்சுக்கிட்டே ஒரு துண்டு தின்னீங்க. இன்னொரு துண்டும் கேட்டு வாங்கினீங்க, தோர்கில். அது எப்படித் தொண்டையில எறங்குச்சு?”

அவர் கத்தியை வைத்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று அவரைப் பற்றி ஊரே சொல்லும். அந்த ஒரு விஷயத்தில் அன்றைக்கும் அவர் பொய் சொல்லவில்லை.

“நல்லா இருந்துச்சு,” என்றார்.

மெரேட்டா எழுந்தாள். தகரத்தட்டைக் கவிழ்த்து, வெட்டியதும் வெட்டாததுமாகக் கேக்கை மேஜையில் அப்படியே தட்டினாள். தகரம் அம்மாவுடையது. அதைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, சைக்கிளை எடுக்கப் போனாள்.